சனிக்கிழமைச் சார்ட்

2024 ஜூன் முதல் வாரத்து நிஃப்டி கேண்டிலை எப்போது பார்த்தாலும் கொஞ்ச நேரம் அதிலேயே நின்றுவிடுகிறேன். வாரச் சார்ட்டில் அது ஒற்றைக் கேண்டில். உடம்பு என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லை. திங்கட்கிழமை 23,338-க்குப் பக்கத்தில் தொடங்கி, வெள்ளிக்கிழமை 23,290-இல் முடிந்திருக்கிறது. கீழே மட்டும் இரண்டாயிரம் புள்ளி நீளத்துக்கு ஒரு வால்.

அந்த வால் செவ்வாய்க்கிழமையுடையது. சனிக்கிழமை மாலை வந்த எக்ஸிட் போல்களை நம்பித் திங்களன்று சந்தை மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறியது. மறுநாள், ஜூன் 4, வாக்கு எண்ண எண்ண இறங்கி, ஏறக்குறைய ஆறு சதவீதம் குறைந்து 21,884-இல் முடிந்தது. கொரோனா காலத்துக்குப் பிறகு ஒரே நாளில் அவ்வளவு விழுந்ததில்லை. வெள்ளியன்று விட்ட இடத்துக்கே வந்துவிட்டது. செவ்வாய் மதியம் பதறி விற்றவருக்கும், தேர்தல் நினைப்பே இல்லாமல் பேரன் காதுகுத்துக்குப் போயிருந்தவருக்கும் வாரச் சார்ட்டில் அது ஒரே கேண்டில்தான்.

ஏற்றத்தின் உச்சியில் இப்படி ஓர் உருவம் வந்தால் புத்தகங்களில் அதற்கு 'ஹேங்கிங் மேன்' என்று பெயர். இறக்கத்துக்கு அறிகுறி என்று எழுதியிருப்பார்கள். நிஃப்டி அங்கிருந்து ஏறிக்கொண்டே போய்ச் செப்டம்பர் 27-ஆம் தேதி 26,277-ஐத் தொட்டது.

*

உருவங்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் ஜப்பானில் தொடங்கியது என்பார்கள். 18-ஆம் நூற்றாண்டு, சகாட்டா என்ற துறைமுக ஊர், ஹொம்மா முனேஹிசா என்ற அரிசி வியாபாரி. ஒசாகா நகரத்து டோஜிமாவில் 1730-இல் அரசு அனுமதியோடு அரிசிக்கு முன்பேர வியாபாரம் நடக்கத் தொடங்கியது. இன்னும் அறுவடையாகாத அரிசி வெறும் கணக்காகவே கைமாறியது. ஹொம்மா அதில் பெரும் பணம் பண்ணினார். கேண்டில் சார்ட்டையும் அவரே கண்டுபிடித்தார் என்ற கதையை வரலாற்றாசிரியர்கள் நம்புவதில்லை. அது அவருக்கு நெடுநாள் கழித்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஸ்டீவ் நிசன் 1991-இல் எழுதிய புத்தகம் வழியாக அது அமெரிக்கா போனது. நமக்கு வந்தது அங்கிருந்துதான்.

கதை எப்படியிருந்தாலும் ஹொம்மாவின் பெயரால் சொல்லப்படும் ஒரு கருத்து எனக்குப் பிடிக்கும். அரிசியின் விலையில் விளைச்சலுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதை வாங்குபவர் விற்பவர் மனநிலைக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது. சார்ட்டில் நாம் பார்ப்பது அந்த மனநிலையின் தடத்தைத்தான். கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கு அதில் இல்லை. முதலாளி நல்லவரா கெட்டவரா என்பதும் இல்லை.

*

பர்ட்டன் மால்கியல் தன்னுடைய 'எ ரேண்டம் வாக் டவுன் வால் ஸ்ட்ரீட்' புத்தகத்தில் ஒரு குறும்பு செய்திருக்கிறார். மாணவர்களை நாணயம் சுண்டச் சொல்லி, தலை விழுந்தால் விலை கொஞ்சம் ஏற்றம், பூ விழுந்தால் கொஞ்சம் இறக்கம் என்று ஒரு சார்ட் வரையவைத்தார். அப்படி வந்த ஒன்றை சார்ட் பார்க்கும் நண்பரிடம் காட்டினால், இது எந்தக் கம்பெனி, உடனே வாங்க வேண்டும் என்று அவர் துள்ளிக் குதித்தாராம்.

இதை வாசித்துவிட்டுச் சார்ட்டையே மூடிவைத்தவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாணயச் சார்ட்டையும் நிஜச் சார்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். நாணயத்தின் ஒவ்வொரு அடியும் ஒரே அளவு. நிஜச் சார்ட்டில் மாதக்கணக்கில் சின்னச் சின்னக் கேண்டில்களாக அடங்கிக் கிடக்கும். திடீரென்று ஒரு பெரிய கேண்டில் வரும். அதற்குப் பின்னால் பெரிய பெரிய கேண்டில்களாகவே கொஞ்ச நாள் போகும். சில மேலே, சில கீழே. பிறகு மெல்ல அடங்கும்.

பெனுவா மாண்டல்பிராட் பருத்தி விலைகளை ஆராய்ந்து 1963-இல் எழுதிய கட்டுரையில் இதைக் கவனித்துச் சொன்னார். பெரிய மாற்றத்தைத் தொடர்ந்து பெரிய மாற்றம் வருகிறது, அது ஏற்றமா இறக்கமா என்பது வேறு விஷயம். இந்த ஆட்டத்தைக் கணக்கில் கொண்டுவரும் முறையை ராபர்ட் எங்கிள் 1982-இல் கொடுத்தார். 2003-இல் பொருளாதார நோபல் பரிசு அவருக்கு வந்தது இதற்காகத்தான்.

நேற்று ஏறியது, ஆகவே இன்றும் ஏறும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நேற்று பெரிதாக ஆடியது, ஆகவே இன்றும் பெரிதாக ஆடக்கூடும் என்பதை ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். சார்ட் பார்ப்பதில் எனக்கு மிஞ்சிய நம்பிக்கை இவ்வளவுதான். இது போதும் என்றும் தோன்றுகிறது.

*

நிஃப்டி வாரச் சார்ட் ஒன்றை மட்டும் இன்னும் கையால் வரைகிறேன். மில்லிமீட்டர் கட்டம் போட்ட கிராஃப் தாள், எச்பி பென்சில். ஒரு சென்டிமீட்டருக்கு 500 புள்ளி. சனிக்கிழமை காலை காபி முடிந்ததும் வெள்ளிக்கிழமை முடிவு விலைக்கு ஒரு புள்ளி வைத்து, முந்தைய வாரப் புள்ளியோடு சேர்க்க வேண்டும். வேலை அரை நிமிடம்கூட இல்லை.

கொரோனாவுக்கு முன்பெல்லாம் பென்சில் வாரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்ந்தாலே அதிகம். 2020 மார்ச் 6-ஆம் தேதி 10,989. மார்ச் 13-ஆம் தேதி 9,955. மார்ச் 20-ஆம் தேதி 8,745. ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கீழே. தாள் போதாமல் அடியில் இன்னொரு தாளைப் பசை தடவி ஒட்ட வேண்டியிருந்தது. அந்த ஒட்டு இப்போதும் தடவினால் விரலுக்குத் தெரிகிறது.

போனில் இருக்கும் செயலியில் இது தெரியாது. அது தானாகவே அளவை மாற்றிக்கொள்ளும். நாள் முழுக்க 40 புள்ளிக்குள் அசைந்த நிஃப்டியும், 1,400 புள்ளி விழுந்த நிஃப்டியும் திரையில் ஒரே உயரம். இரண்டுமே கண்ணுக்கு மலையும் மடுவுமாகத்தான் தெரியும். அமைதியான நாளில் தேவையில்லாமல் பதறுகிறோம். பதற வேண்டிய நாளில், நேற்று பார்த்த மலைதானே என்று சும்மா இருந்துவிடுகிறோம். செயலியை வைத்திருப்பவர்கள் ஒரு காரியம் செய்யலாம்: பக்கவாட்டில் இருக்கும் விலை அளவைப் பூட்டிவைக்க வழி இருந்தால் பூட்டிவிடுங்கள். நெடுங்கால சார்ட் என்றால் லாக் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 100 ரூபாய் 200 ஆனதும் 1,000 ரூபாய் 2,000 ஆனதும் அதில் ஒரே உயரமாகத் தெரியும்.

*

வெல்லஸ் வைல்டர் 1978-இல் ஒரு புத்தகம் போட்டார். இன்று எந்தச் சார்ட் செயலியைத் திறந்தாலும் இருக்கும் ஆர்எஸ்ஐ, ஏடிஎக்ஸ், பாராபோலிக் எஸ்ஏஆர் எல்லாமே அந்த ஒரே புத்தகத்தில் வந்தவை. ஆர்எஸ்ஐதான் பேர் வாங்கியது. 70-க்கு மேல் போனால் விற்க வேண்டும், 30-க்குக் கீழே வந்தால் வாங்க வேண்டும் என்று இப்போது கல்லூரிப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். நல்ல ஏற்றத்தில் இருக்கும் பங்கில் ஆர்எஸ்ஐ வாரக்கணக்கில் 70-ஐ விட்டு இறங்காமலே இருக்கும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

அதே புத்தகத்தில்தான் 'ஆவரேஜ் ட்ரூ ரேஞ்ச்' என்ற ஏடிஆரும் இருக்கிறது. அதிகம் பேசப்படாத பிள்ளை. ஒரு பங்கு ஒரு நாளில் உண்மையில் எவ்வளவு ஆடியது என்று பார்ப்பதுதான் அதன் வேலை. நேற்று 800-இல் முடிந்த பங்கு இன்று 770-இல் திறந்து, 785 வரை ஏறி, 765 வரை இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய உச்சத்துக்கும் அடிக்கும் வித்தியாசம் 20 ரூபாய். ஆனால் நேற்று இரவு அதை வைத்துக்கொண்டு தூங்கியவருக்கு ஆட்டம் 20 ரூபாய் அல்ல. 800-இலிருந்து 765, அதாவது 35 ரூபாய். வைல்டர் அந்த 35-ஐ எடுத்துக்கொள்கிறார். இப்படி 14 நாட்களுக்குக் கணக்குப் போட்டுச் சராசரி பார்த்தால் ஏடிஆர். சந்தை மூடியிருக்கும் இரவையும் சேர்த்து எண்ணியது அவருடைய நுட்பம்.

இந்த எண்ணுக்குத் திசை தெரியாது. வேகமாக ஏறினாலும் கூடும், வேகமாக இறங்கினாலும் கூடும். எங்கே போகும் என்று கேட்பவருக்கு இதில் பதில் இல்லாததால்தான் இதைச் சீந்துவாரில்லை.

*

கணக்கை எழுதிப் பார்க்கிறேன்.

கையில் 5 லட்சம். ஒரு பங்கில் தவறிப்போனால் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அதாவது 5,000 ரூபாய். பங்கின் விலை 800, ஏடிஆர் 20. இரண்டு ஏடிஆர் தள்ளி, 760-இல் ஸ்டாப் லாஸ். ஒரு பங்குக்கு 40 ரூபாய் நஷ்டத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். 5,000-ஐ 40-ஆல் வகுத்தால் 125. எனவே 125 பங்கு, ஒரு லட்சம் ரூபாய்க்கு.

கொஞ்ச காலம் கழித்து அதே பங்கு, அதே 800. ஆனால் இப்போது ஏடிஆர் 50. ஸ்டாப் லாஸ் 700-க்குப் போகிறது. 5,000-ஐ 100-ஆல் வகுத்தால் 50 பங்கு. 40,000 ரூபாய்.

கம்பெனியைப் பற்றிய என் அபிப்பிராயம் மாறவில்லை. விலையும் மாறவில்லை. ஆட்டம் கூடியிருக்கிறது, அதனால் நான் வைத்திருக்க வேண்டியது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தவரை சார்ட் நேர்மையாகப் பதில் சொல்லும் கேள்வி 'எத்தனை' என்பது மட்டும்தான்.

சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸும் வில்லியம் எக்கார்ட்டும் 1983-இல் ஒரு பந்தயம் கட்டினார்கள், வியாபாரத்தைச் சொல்லிக்கொடுத்து வரவைக்க முடியுமா என்று. பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். 'டர்ட்டில்ஸ்' என்று பெயர் பெற்ற அந்தக் கூட்டத்துக்குச் சொல்லித்தரப்பட்ட வாங்கும் விதி ஒரு வரிதான்: கடந்த 20 நாள் அல்லது 55 நாள் உச்சத்தைத் தாண்டினால் வாங்கு. எவ்வளவு வாங்குவது என்பதற்குத்தான் நீண்ட கணக்கு, அதுவும் ஏடிஆரை வைத்தே. அவர்களைப் பற்றி வந்த பேச்சில் பெரும்பாலும் அந்த ஒரு வரி மட்டும் தங்கிவிட்டது.

*

பக்கத்துத் தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் தம்பி கெட்டிக்காரர். கை வேலையாக இருக்கும்போதே போனைச் சுவரில் சாய்த்துவைத்துச் சார்ட் பார்ப்பார்.

"ஏனுங் சார், இது 200 டிஎம்ஏ-வ ஒடைச்சிருச்சுங்களே, இன்னும் எங்க வரைக்கும் வருமுங்க?"

"எத்தன வெச்சிருக்கீங்க தம்பி?"

"ஒரு அறநூறு எழநூறு இருக்குமுங்க. ஆப்பத் தொறந்து பாத்துத்தான் சொல்லோணும்."

டிஎம்ஏ என்கிற அந்த 200 நாள் சராசரிக் கோடு எந்த விலையில் இருக்கிறது என்பது அவருக்குப் பைசா சுத்தமாகத் தெரியும். 600-க்கும் 700-க்கும் நடுவில் அந்தப் பங்கின் அன்றைய விலைக்கு அரை லட்சம் ரூபாய் இருந்தது. இதைச் சொன்னதும் சிரித்தார். சிரித்துவிட்டுத் தாமிரக் கம்பியைச் சுற்றத் தொடங்கினார்.

*

ஸ்டாப் லாஸ் எவ்வளவு தூரத்தில் என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு. ஐந்து சதவீதம் என்பார் ஒருவர், எட்டு என்பார் இன்னொருவர். எல்லாப் பங்குக்கும் ஒரே சதவீதம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மேய்ச்சலுக்கு முளையடித்துக் கட்டும் ஆட்டுக்கு விடும் கயிறும், மாட்டுக்கு விடும் கயிறும் ஒன்றல்ல. நாளுக்கு ஒரு சதவீதம் அசையும் சோப்பு கம்பெனிப் பங்குக்கு எட்டு சதவீதம் அதிகம். நாளுக்கு நான்கு சதவீதம் ஆடும் சின்னப் பங்குக்கு ஐந்து சதவீதம் ஒரு காலைப் பொழுதுக்குக்கூடப் போதாது. வெளியே தள்ளிவிட்டு, மத்தியானம் அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். ஆட்டுவித்துத் தள்ளிவிட்டார்கள், ஆபரேட்டர் வேலை என்று புலம்புவோம். பல நேரம் ஆபரேட்டர் யாரும் இல்லை, கயிறு குட்டை.

சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. முன்பு ஒரு விலையில் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் அந்த விலை திரும்ப வந்தால் போதும் என்று காத்திருப்பார்கள். அங்கே விற்பனை வரும். அதில் மர்மம் இல்லை. எலியட் அலை, கான் கோணம் பக்கம் நான் போவதில்லை. எல்லாம் நடந்து முடிந்த பிறகு அவை மிகப் பொருத்தமாக இருக்கும்.

*

200 நாள் சராசரிக் கோட்டைப் பற்றி நேர்மையாக ஒரு கணக்கு.

2020 பிப்ரவரி கடைசி வாரத்தில் நிஃப்டி அந்தக் கோட்டுக்குக் கீழே போய் 11,201-இல் வாரத்தை முடித்தது. மார்ச் 23-ஆம் தேதி காலையிலேயே பத்து சதவீத சர்க்யூட்டைத் தொட்டு 45 நிமிடம் வியாபாரம் நின்றது. திரும்பத் திறந்தும் விழுந்து, சென்செக்ஸ் அன்று ஒரே நாளில் 3,900 புள்ளிக்கு மேல், 13 சதவீதம், குறைந்தது. மறுநாள் நிஃப்டி 7,511 வரை போனது. சந்தை எவ்வளவு ஆட்டத்தை எதிர்பார்க்கிறது என்று காட்டும் இந்தியா விக்ஸ், அமைதியான காலத்தில் 15-ஐ ஒட்டி இருப்பது, 80-ஐத் தாண்டியது. ஜூலையில் நிஃப்டி மறுபடி கோட்டுக்கு மேலே வந்தபோது ஏறக்குறைய 11,000.

கோட்டைப் பார்த்து 11,200-இல் விற்றவர், அதே கோட்டைப் பார்த்து 11,000-இல் திரும்ப வாங்கியிருப்பார். மிச்சம் இரண்டு சதவீதம்கூட இல்லை. புரோக்கர் கமிஷனும் வரியும் போனால் ஒன்றும் இல்லை. எதுவுமே செய்யாமல் இருந்தவர் நவம்பரில் புதிய உச்சத்தைப் பார்த்துவிட்டார். 2018 அக்டோபருக்கும் 2019 பிப்ரவரிக்கும் நடுவில் நிஃப்டி இந்தக் கோட்டைச் சுற்றியே வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தாண்டலுக்கும் விற்று வாங்கியவர் அரசாங்கத்துக்கு மட்டும் லாபம் காட்டியிருப்பார். 2024 ஜூலை 23-இலிருந்து ஒரு வருடத்துக்குள் விற்ற லாபத்துக்கு வரி 20 சதவீதம். அதற்கு முன் 15.

அப்படியானால் கோடு எதற்கு? எனக்கு இதில் ஒரே ஒரு பதில் இருக்கிறது. மார்ச் 23 மதியம் 7,700-இல் நிற்கும் நிஃப்டியைப் பார்த்து ஒரு முடிவு எடுக்க வேண்டிய கட்டாயம், முன்பே விதியோடு வெளியே வந்தவருக்கு இல்லை. விதியே இல்லாதவர்களில் பலர் அந்த மதியம்தான் விற்றார்கள். விற்றவர்கள் 9,000-இல் திரும்பி வரவில்லை, 10,000-இலும் வரவில்லை. இது பொய்யான ஏற்றம், இன்னும் விழும் என்று சொல்லிக்கொண்டே 12,000-க்கு மேல் வந்தார்கள். எந்த நிலையிலும் வைத்திருப்பேன் என்ற உறுதி நிஜமாகவே இருக்குமானால் கோடு வேண்டாம். அந்த உறுதி இருப்பதாக நல்ல நாளில் எல்லோரும் சொல்கிறார்கள்.

*

ராபர்ட் எட்வர்ட்ஸோடு சேர்ந்து 1948-இல் சார்ட் பற்றிய பெரிய புத்தகத்தை எழுதிய ஜான் மகீ, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஓர் அலுவலகம் வைத்திருந்தார். அதன் ஜன்னல்களைப் பலகை அடித்து மூடியிருந்தார் என்றும், பொருளாதாரப் பத்திரிகையை இரண்டு வாரம் பழசான பிறகே படிப்பார் என்றும் சொல்வார்கள். வெளியே வெயிலா மழையா என்பதுகூட முடிவைப் பாதிக்கக் கூடாது என்ற எண்ணம்.

கொஞ்சம் அதீதம்தான். ஆனால் ஐந்து நிமிடச் சார்ட்டைப் பார்த்துக்கொண்டு பேருந்தில் நின்றபடி வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மகீயின் பலகைகள் நினைவுக்கு வருகின்றன. வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று வைத்துக்கொண்ட பங்கை நாளுக்கு முப்பது முறை பார்ப்பதால் தகவல் கூடுவதில்லை. கை மட்டும் துறுதுறுக்கும். சந்தை மூடியிருக்கும் சனிக்கிழமையில் பார்ப்பதன் பெரிய வசதி, அன்று எதையும் வாங்கவும் விற்கவும் முடியாது.

*

சார்ட் காப்பாற்றாத இடங்களையும் எழுதிவைக்க வேண்டும்.

யெஸ் பேங்க் பங்கு 2018 ஆகஸ்டில் 400-ஐத் தாண்டியிருந்தது. தலைமை அதிகாரியின் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி குறைத்த செய்தியில், செப்டம்பர் 21-ஆம் தேதி ஒரே நாளில் கால்வாசிக்கு மேல் போனது. பிறகு மெல்ல ஏறி, 2019 ஏப்ரலில் எல்லாம் சரியாகிவிட்டது போலவும் காட்டியது. ஏப்ரல் 26, வெள்ளி மாலை, வங்கி முதல் முறையாகக் காலாண்டு நஷ்டத்தை அறிவித்தது. திங்கள் மும்பையில் வாக்குப்பதிவு, சந்தைக்கு விடுமுறை. 237-க்குப் பக்கத்தில் நின்ற பங்கு செவ்வாய் காலை பெரும் பள்ளத்தில் திறந்து, 168 அருகே முடிந்தது. இடையில் ஸ்டாப் லாஸ் போட்டிருந்தவருக்கு அந்த விலை கிடைக்கவில்லை. திறந்த இடத்தில் கிடைத்ததுதான் விலை.

மேலே போட்ட கணக்கை இங்கே வைத்துப் பார்க்கிறேன். ஏடிஆர் 10 என்று வைத்துக்கொண்டால் ஸ்டாப் லாஸ் தூரம் 20, பங்கு 250, முதலீடு 60,000-க்குள். நாள் முடிவில் விற்றிருந்தால் நஷ்டம் 17,000 ரூபாய் சொச்சம். 5,000 என்று நினைத்திருந்தது மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. வலிக்கும். ஆனால் 5 லட்சத்தில் மூன்றரை சதவீதம். மறுநாளும் கடை திறக்கலாம். அங்கே காப்பாற்றியது ஸ்டாப் லாஸ் அல்ல, 250 என்ற எண்.

அதன் பிறகு 2020 மார்ச் தொடக்கம் வரை அந்தப் பங்கு தன் 200 நாள் சராசரியின் பக்கம்கூட வரவில்லை. மக்கள் ஆவரேஜ் செய்தார்கள். 150-இல் கொஞ்சம், 100-இல் கொஞ்சம், 60-இல் இன்னும் கொஞ்சம். விலை பாதியானால் இரண்டு மடங்கு வாங்கலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆட்டம் கூடக் கூட எண்ணிக்கையையும் கூட்டுவது அதன் இன்னொரு பெயர். 2020 மார்ச் 5 மாலை ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்து, கணக்கு வைத்திருப்பவர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றது. மறுநாள் பங்கு 6 ரூபாய்க்குக் கீழே வரை போய்வந்தது. மறுசீரமைப்புத் திட்டம் வந்தபோது, 100 பங்கோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்களின் பங்குகளில் 75 சதவீதத்தை மூன்று ஆண்டுக்கு விற்க முடியாது என்று பூட்டினார்கள். எந்த இண்டிகேட்டரும் அந்தப் பூட்டை வரைந்து காட்டாது.

சத்யம் இன்னும் மோசம். 2008 டிசம்பரில் விழுந்து, புத்தாண்டில் மீண்டு, 179-க்குப் பக்கத்தில் இருந்தது. குறுகிய காலச் சார்ட்டில் நல்ல ஏற்றம். 2009 ஜனவரி 7 அன்று ராமலிங்க ராஜுவின் ஒப்புதல் கடிதம் வெளிவந்தது. நாள் முடிவில் பங்கு 40 ரூபாய்.

சின்னப் பங்குகளின் கதை தனி. நாளுக்குச் சில ஆயிரம் பங்கு மட்டும் கைமாறும் இடத்தில் நாலு பேர் சேர்ந்தால் எந்த உருவத்தையும் வரைந்துவிடலாம். இறங்கத் தொடங்கினால் தினமும் லோயர் சர்க்யூட். விற்க வரிசை நிற்கும், வாங்க ஆள் இருக்காது. வால்யூம் இல்லாத சார்ட்டை நான் படிப்பதே இல்லை.

*

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 நிதியாண்டு முதல் 2024 வரையான மூன்று ஆண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். சராசரியாக ஆளுக்கு 2 லட்சம் ரூபாய். 30 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாகக் கூடியிருக்கிறது. அவர்களில் சார்ட் பார்க்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?

ஊருக்கு ஊர் ஞாயிற்றுக்கிழமைகளில் சார்ட் வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் நாள் கேண்டில்களின் பெயர்களைச் சொல்லித்தராதீர்கள், அதை எந்தப் பிள்ளையும் போனில் தானே கற்றுக்கொள்ளும். கையில் இருக்கும் பணம், தாங்கக்கூடிய நஷ்டம், அந்தப் பங்கின் ஏடிஆர், இந்த மூன்றையும் கொடுத்து எத்தனை பங்கு வாங்கலாம் என்று நோட்டில் கணக்குப் போடச் சொல்லுங்கள். பத்துப் பங்குகளுக்குப் போடட்டும். அந்தக் கணக்கு வராத பிள்ளையை இரண்டாம் நாள் உள்ளே விடாதீர்கள், கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தாவது அனுப்பிவிடுங்கள்.